பாலமட்டும் ஓடிப்போட்டு வாங்கோ

கம்பித் தூரிகையால் கார்ச் சில்லின் முதுகைத் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி தேய்க்கிறார் சுகந்தினி அக்கா. உப்புக் காற்று தின்ற துரு செம்பொடியாகப் பறந்து அவருடைய சட்டையில் படிகிறது. கார்க்காரர் அவசரப்படுத்துகிறார். “துருவுக்கு மேல சில்லை வச்சா துருதான் ஐயா இறுகும், சில்லு இறுகாது” என்கிறார், தலை நிமிராமல்.

மன்னார் நகரில், பாலத்துக்குப் போகும் வீதியோரம் அவருடைய ரயர் கடை. நட்டுகளை முதலில் விரலால் மட்டுமே ஏற்றுவார். விரலுக்கு அடங்காத நட்டுக்குச் சாவி போட்டால் புரி செத்துப்போகும் என்பார். பிறகு ஜக்கை இறக்குவார். சில்லு நிலத்தில் பாரம் ஊன்றிய பின்னர்தான் கடைசி இறுக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடப்பக்கம், வலப்பக்கம். பக்கத்துத் தேநீர்க்கடை அப்துல் றசாக் நானாவுக்கு இது தீராத வேடிக்கை.

“சைவக்காரி சில்லுக்குச் சிலுவை போடுறா! பாதருக்குத் தெரியுமா?”

“சுத்திவர இறுக்கினா சில்லு கோணிக்கொண்டு இருக்கும் நானா, உங்கட வாங்கு மாதிரி.”

அந்த ஆடும் வாங்கில்தான் நான் பெரும்பாலும் இருப்பேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்பது எனக்கு அடிக்கடி எழும் கேள்வி. அக்காவிடம் அதற்கு ஒரு பதில் உண்டு. கடைசி நட்டை இறுக்கியதும், “பாலமட்டும் ஓடிப்போட்டுத் திரும்பி வாங்கோ” என்பார். பாலம்வரை ஓடிய சில்லு தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அப்போது இறுகியிருந்த நட்டும் சற்றுத் தளரும். திரும்பி வந்து இன்னொரு முறை இறுக்கினால்தான் அவருடைய கணக்கில் வேலை முடிந்தது. சிலர் சாவியில் நீளக் குழாய் செருகி ஏறி மிதிக்கச் சொல்வார்கள். “நாளைக்கு நடு றோட்டில காத்துப் போனா ஆர் கழட்டுறது? உங்கட மனிசியோ?”

இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கே ஒரு பஞ்சர் கடையில் தொழில் பழகி, ஊர் திரும்பியவர். சாதாரணமாக எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அந்தக் கரைப் பேச்சு வெளியே வந்துவிடும். அதை நான் ஒரே ஒரு தரம் கேட்டேன்.

மடு மாதா கோயில் திருவிழா நெருங்கினால் எங்கள் பக்கத்து வான்களுக்கெல்லாம் அலங்காரம். கீரிக் கிராமத்தில் இருந்து ஆட்களை ஏற்றும் யதுசன் தன் வானின் சில்லுகளுக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தான், உள்ளும் புறமும், தடிப்பாக. அதில் ஒரு சில்லைத்தான் ரயர் மாற்றக் கொண்டுவந்தான். அக்கா சுரண்டிப் பார்த்தார். நட்டுக் குழிகளுக்குள் பெயின்ற் அரைகுறையாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. வந்தமட்டும் சுரண்டினார், அடியில் பசையாகப் பிடித்தது வரவில்லை. “மிச்சப் பெயின்ற் நசிஞ்சா நட்டு தளரும். கட்டாயம் திரும்பி வா, என்ன?” என்று பூட்டிக்கொடுத்தார். “ஓம் அக்கா” என்று போனவன் வரவில்லை.

மறுநாள் காலை அதே வான் மாதா பாட்டு முழங்க, ஆட்கள் நிறைந்து, கடையைத் தாண்டிப் பாலத்தை நோக்கிப் பறந்தது. அக்கா வீதிக்கு ஓடிக் கத்தினார். கைபேசியில் அழைத்தார், அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சாவியையும் கம்பித் தூரிகையையும் தூக்கிக்கொண்டு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிவிட்டார். “விடுங்கோ தம்பி, விடுங்கோ!”

பாலம் முழுக்க நான் அந்த ஒரு சில்லை மட்டும் தேடிக்கொண்டு ஓட்டினேன். இருபுறமும் கடல். இங்கே கழன்றால் என்று நினைக்கவும் பயம். பாலம் கடந்து, தள்ளாடிச் சந்திக்கு அருகில் முந்திச் சென்று மறித்தோம்.

அக்கா குந்தி நட்டுகளைத் தொட்டார். இரண்டு, சாவி இல்லாமலே விரலோடு சுற்றின.

“ஏண்டா, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? காதுல என்னத்தடா வச்சிருந்த? புள்ளகுட்டிய ஏத்திட்டுப் போற வண்டிடா இது!”

யதுசன் வெளிறிப்போனான். “மறந்திட்டன் அக்கா.”

யன்னலால் தலை நீட்டினார் திரேசம்மா என்ற பெரியம்மா. “என்ன பிள்ளை, பூசைக்குப் பிந்தப்போகுது. ஒரு நட்டுக்கே இவ்வளவு சத்தம்?”

அக்காவின் குரல் உடனே ஊருக்குத் திரும்பிவிட்டது. “முடிஞ்சுது அம்மா, இந்தா முடிஞ்சுது.” எல்லோரையும் இறக்கி, வானிலிருந்த ஜக்கால் தூக்கி, சில்லைக் கழற்றி, குழிகளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, மீண்டும் பூட்டினார். பிறகு யதுசனை அந்த வீதியிலேயே கொஞ்சத் தூரம் வெறும் வானை ஓட்டிவரச் செய்து, திரும்ப இறுக்கிப் பார்த்தார். ஒரு நட்டும் அசையவில்லை. 

ஆட்கள் ஏறினார்கள், பாட்டும் தொடங்கியது. வான் நகர, அக்கா குனிந்தபடி அந்தச் சில்லோடு கூடவே நடந்தார். அது வேகம் பிடித்ததும் நின்றார். பின் கண்ணாடி வழியே பிள்ளைகள் கை காட்டினார்கள். இவரும் கையை உயர்த்தினார்.  சாவி இன்னும் அதில்தான் இருந்தது. வான் மறையும்வரை ஆட்டினார்.