ஹேடன் கார்னரை எழுதிக்கொடுத்த கதை

போன வாரம் ஆலன் நகருக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தபோது சாலையோரப் பலகையில் 'ஹேடன் கார்னர்' என்று பார்த்தேன். அட, ஊர் பிழைத்துக்கொண்டதே என்று வண்டியைத் திருப்பினேன். ஊராவது மண்ணாவது! அது ஒரு ஷாப்பிங் மாலின் பெயர். ஊரைத் தின்று ஏப்பம் விட்டவர்கள் பெயரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

பார்க்கிங் ஓரம் புதுப் புல்விதை மேல் வைக்கோல் தூவியிருந்தார்கள். ஈர வைக்கோல் வாசனை. கமலாக்காவின் கோழிக்கூடு இப்படித்தான் மணக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஹேடன் கார்னர் எந்த நகரத்திலும் சேராத இடம். ஒன்பது வீடு, ஒரு தீவனக் கடை, ஒரு சர்ச். மேயரும் இல்லை, கவுன்சிலும் இல்லை. விலை மலிவு என்று பொள்ளாச்சிக்காரர் சுந்தரம் அண்ணன் அங்கே இரண்டு ஏக்கரோடு வீடு வாங்கியிருந்தார். பிளானோவில் அவரோடு வேலை பார்த்த பிரம்மச்சாரி நான். ஞாயிறு தவறாமல் சாப்பாட்டுக்கு ஆஜர். அவர் மனைவி கமலாக்கா பன்னிரண்டு கோழி வளர்த்தார். மூன்று வருடம் அபார்ட்மென்ட்டில் யாரோடும் பேசாமல் கிடந்த மனுஷி, இங்கே வந்துதான் வாயைத் திறந்தார். கோழிகளைத் திட்டினால் தீவனக் கடை வரை கேட்கும்.

அண்ணனுக்கோ எந்த நகரத்திலும் சேராத இடத்தில் இருப்பது கௌரவக் குறைச்சல். நம் ஆட்களின் கௌரவமெல்லாம் அப்போது ஜிப் கோடில்தான் இருந்தது. பார்ட்டியில் யாராவது "எந்த சிட்டி?" என்றால் மென்று விழுங்குவார். பக்கத்து நகரமோ ஹேடன் கார்னரைச் சேர்த்துக்கொள்ளத் துடித்தது; ஐந்து வீட்டார் மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள்.

"தம்பி, சிட்டியாயிட்டா நம்ம மதிப்பே வேறயாக்கும். வாங்க, நாமளே சைன் வாங்கிப்புடலாம்."

போனேன். அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அங்கேயே பிறந்து நரைத்த விவசாயிகளுக்கு முன்னேற்றம் பற்றி வகுப்பெடுத்தேன். என் திமிரை என்ன சொல்ல! மனுவோடு இணைத்திருந்த விதிகளை நான் புரட்டக்கூட இல்லை.

நான்கு வீடு முடிந்தது. ஐந்தாவது அண்ணன் வீடு. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "எங்க போடோணும்?" என்று மட்டும் கேட்டார். நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

ஊர் நகரமானது. மூன்றே மாதத்தில் நகராட்சி ஆள் வந்து நின்றான். எல்லைக்குள் கோழி வளர்க்கக் கூடாதாம், பத்து நாள் கெடு. விதிகளிலேயே இருக்கிறதாம். அந்த ஞாயிறு சாப்பாட்டில் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாம்பார்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் படிச்சவங்கதானுங்களே?" என்றார் அக்கா. "படிச்சுப் பாக்காமயா எங்கிட்ட நீட்டுனீங்க?"

தீவனக் கடைக்காரர் கோழிகளைத் தன் மகனின் பண்ணைக்கு ஏற்றிப் போனார். அக்கா பழையபடி வாயை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தட்டில் சோறு விழும்; "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்ற வார்த்தை வராது. வெட்கம் கெட்ட நான் அதற்குப் பிறகும் போய்ச் சாப்பிட்டேன்.

பிறகு ரோட்டை அகலப்படுத்த வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இருவரும் சான் ஹோசே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனுக்கு அருமையான ஜிப் கோட் கிடைத்தது. சர்ச்சும் தீவனக் கடையும் இருந்த இடத்தில் இப்போது காபிக் கடை.

மால் வாசலில் ஆளுயர இரும்புச் சேவல் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். பழைய ஊரின் ஞாபகமாம்! நகராட்சி முறைப்படி அனுமதித்ததாகக் காலடியில் ஒரு தகடு. குனிந்து நின்று, ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.