தன் விரலால் போட்ட ஓட்டு

ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறவளை எல்லோரும் 'எக்ஸ்சேஞ்ச் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. முந்நூறு எக்ஸ்டென்ஷன் நம்பரும் நாக்கு நுனியில் நிற்கும். எந்த டாக்டர் இன்னும் சாப்பிடவில்லை என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள்.

ஓட்டுப் போட மட்டும் அண்ணன் கூட வருவார். யாருக்கென்று அவள் காதோடு சொல்வாள், அவர் பொத்தானை அழுத்துவார். நாலு தேர்தல் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் அண்ணன் தன் நண்பரிடம் பேசியது சமையலறையில் இருந்த அவள் காதில் விழுந்தது.

"எனக்கு ரெண்டு ஓட்டுய்யா. தங்கச்சியோடதும் நம்ம ஆளுக்குத்தான்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான் சொன்னவருக்கு ஒரு தடவைகூடப் போடலையா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. அரசியல் உனக்கென்ன தெரியும்?"

"இனிமே நீங்க கூட வர வேண்டாம்ண்ணே."

அடுத்த தேர்தலுக்குப் புது விதி வந்திருந்தது. பார்வையற்றவர் கேட்டால், வேட்பாளர் பட்டியலை பிரெய்ல் என்கிற புள்ளி எழுத்தில் தர வேண்டும். பொத்தான்களுக்குப் பக்கத்திலும் புள்ளியில் எண் இருக்கும். அந்த விதியை ரேடியோவில் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே போனாள்.

"கூட யாரும் வரலையாம்மா? யாருக்குன்னு சொல்லுங்க, நானே போட்டுடறேன்," என்றார் சாவடி அதிகாரி.

"புள்ளி எழுத்துப் பட்டியல் குடுங்க சார்."

"அப்படி எதுவும் வரலையே."

"வந்திருக்கும். தேடுங்க."

வரிசை முணுமுணுத்தது. யாரோ ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அவள் அசையவில்லை.

"எனக்கு டூட்டி ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் இங்கேயே நிப்பேன். இல்ல, தர முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கையெழுத்து என்றதும் அதிகாரி எழுந்துவிட்டார். இருபது நிமிஷம் கழித்து, தேர்தல் சாமான் பையின் அடியில், பிரிக்காத உறைக்குள் பட்டியல் கிடைத்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயராகத் தடவிப் படித்தாள். மறைப்புக்குள் போய்த் தானே அழுத்தினாள். ஓட்டு விழுந்த சத்தம் கேட்டது.

முடிவு வந்த அன்று அண்ணன் கேட்டார்: "நீ போட்ட ஆளு தோத்துட்டார் போல?"

"யாருக்குப் போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.