இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஓர் ஆல்பம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தை சென்னையிலிருந்து திரும்பி வந்தாள். கையில் ஒரு பை, முதுகில் ஒரு கிட்டார். கேட்டவர்களிடம் அம்மா, "லீவுக்கு வந்திருக்குது" என்றாள். மூன்று மாதமாகியும் லீவு முடியவில்லை. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த நைனா, கூடப்பிறந்த ஒரே தங்கையோடு அந்த மூன்று மாதமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தேடிப் பார்த்து முடித்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் அவள் என்பது எனக்கு அப்போது தெரியாது. யார் முதலில் பேசினாலும் அவுட் என்று பெரியவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என நினைத்தேன்.

அத்தை தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். எங்கள் தெருவுக்கு அது பெரிய குழப்பம். "இன்னா படத்துப் பாட்டும்மா இது?" என்பார்கள். "படம் இன்னும் எடுக்கலக்கா" என்பாள். ஒன்பது பாட்டு சேர்த்து ஓர் ஆல்பம் போடப்போவதாக அவள் சொன்னபோது அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் ஆல்பம் என்றால், பீரோ மேல் துணி சுற்றிக் கிடந்த அத்தையின் கல்யாண ஆல்பம் ஒன்றுதான். இது ஆல்டர்நேட்டிவ் ராக் என்று அத்தை விளக்கினாள். ராக் என்றால் பாறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எங்கள் ஊர் செஞ்சியில் அதற்கா பஞ்சம்?

மாடி அறையில் ரெக்கார்டிங் தொடங்கியது. வீட்டிலிருந்த மெத்தையெல்லாம் சுவரில் சாய்ந்தன. ஜன்னலில் கையகல இடுக்கு விட்டு ஜமுக்காளம் தொங்கியது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சிநேகிதி வந்து இரண்டு நாள் டிரம்ஸ் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மீதி அத்தையின் குரலும் கிட்டாரும்தான். எதைக் கட்டி மறைத்தாலும் திருவண்ணாமலை ரோட்டு பஸ்ஸின் ஆரன் மட்டும் உள்ளே வந்துவிடும். அதனால் எனக்கு வேலை கிடைத்தது. மொட்டைமாடியில் நின்று ரோட்டைப் பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் ஜன்னல் இடுக்கில் பச்சை ரிப்பன், பஸ் தெரிந்தால் சிவப்பு ரிப்பன். அத்தை இரண்டு பஸ்ஸுக்கு நடுவே பாடிவிடுவாள்.

அது மே மாதம். மதிய வெயிலில் ராஜகிரி மலை தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நிற்பதுபோல் இருக்கும். மெத்தையைத் தாண்டிக் கசியும் கிட்டார், அந்தப் பாறைகளுக்குள்ளிருந்து வருகிறதோ என்று தோன்றும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். ரிப்பன் தானாக அசையும்.

ஏழாவது பாட்டுக்கு டிரம்ஸ் கிடையாது. "அடிச்சுக்கிட்டே இருந்துச்சு நம்ம வூட்டுப் போனு, எடுத்த குரலு சொல்லிச்சு, பொறுத்துப் போன்னு" என்று மெல்லத் தொடங்கும். ஏதோ ரிப்பேரான போனைப் பற்றிய பாட்டு என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அதை அவள் பாடிக்கொண்டிருந்தபோது நைனா படியேறி வந்தார். மதியம் படுக்க மெத்தை இல்லை, எடுத்துப்போக வந்திருக்கிறார். நைனாவுக்கு என்ன ரிப்பன் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் நின்றுவிட்டார். அந்த வரி மூன்று முறை வந்தது. கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தவர், பிறகு மெல்லப் படியிலேயே உட்கார்ந்தார். உள்ளே அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிவதற்குள் அவர் மெத்தையை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அம்மா புலம்பினாள்.

மறுநாள் நான் ரிப்பன்களோடு மேலே போனால், கடையில் இருக்கவேண்டிய நேரத்தில் நைனா தெருமுனையில் நிற்கிறார். தலையில் துண்டு. வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கை காட்டி வேகத்தைக் குறைக்கச் செய்து, டிரைவரிடம் ஏதோ சொல்கிறார். எங்கள் வீடு முனையிலிருந்து இரண்டாவது. அவர் குரல் மேலே கேட்டது.

"கொஞ்சம் ஆரன் அடிக்காம போங்க சார். தங்கச்சி பாடுது."

பஸ்கள் பூனைபோல் போயின. நான் பச்சையும் காட்டவில்லை, சிவப்பும் காட்டவில்லை. சற்று நேரம் பொறுத்து அத்தை கதவைத் திறந்து வந்தாள்.

"இன்னாடி, இன்னிக்கு பஸ்ஸே ஓடலியா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நைனா என் வேலைய புடுங்கிக்கிச்சு அத்த" என்று தெருமுனையைக் காட்டினேன்.

அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளும் அழத் தொடங்கினாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை அத்த, விடு என்று அவளைத் தேற்றினேன்.