வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

அடையாள அட்டைப் படத்துக்கு வந்த ஒரு அம்மாவிடம், "தோள நேரா வைங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பரமசிவம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஹட்டனில் ஒரே ஸ்டூடியோவில் அவரோடு காலமெல்லாம் முட்டி மோதிய கூட்டாளி நான். சொல்லாமல் டீ குடிக்கக்கூடப் போகாத மனுஷன், இப்படிப் போய்விட்டார்.

அவர் கேமராவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய ரேஞ்ச்ஃபைண்டர், லென்ஸ் வழியாக இல்லாமல் பக்கத்தில் ஒரு தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் வகை. லென்ஸில் ஒரு வளையம். திருகினால் 'டிக்' என்று மூன்று இடங்களில் நிற்கும். நெருக்கம், நடுத்தரம், அகலம். வெளிச்சத்தை உள்ளே விடுவதில் மட்டும் அந்த லென்ஸ் மகா கஞ்சன். தோட்டத் தொழிலாளர்களின் இருண்ட லயத்து வீட்டுக்குள் படமே எடுக்க முடியாது; மழையோ பனியோ, எல்லாரையும் வாசலுக்கு இழுப்பார்.

"அண்ணே, மூணு லென்ஸ ஒண்ணா கட்டி ஒண்ணுக்கும் ஒதவாம ஆக்கிட்டாங்க" என்பேன்.

"நீ சும்மா இருடா. இதுல கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்களும் தெரியிறாங்க" என்பார்.

உண்மைதான். என் கேமராவில் படத்தில் விழுவது மட்டுமே தெரியும். அவருடைய ஜன்னலில் வெள்ளைக் கோட்டால் ஒரு சட்டம். அதற்கு வெளியே இருப்பதும் தெரியும். வளையத்தைத் திருகினால் சட்டம்தான் பெரிதாகும், சிறிதாகும்.

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் கல்யாணம். பெண்ணின் தாய் புருஷனை இழந்தவர். கொழுந்து பறித்தே அந்தப் பிள்ளையை ஆளாக்கியவர், படத்தில் நிற்கக் கூடாதென்று கதவோரம் ஒதுங்கியிருந்தார். அண்ணன் அவரைக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா சீறினார்: "நல்ல காரியத்துல அவங்க எதுக்குங்க? நீங்க படத்த எடுங்க."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டார் அண்ணன். இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம்தான் கேட்டது, டிக், டிக். யாரையும் நகரச் சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில், கதவைப் பிடித்தபடி, மகளைப் பார்த்துச் சிரிக்கிறார் அந்தத் தாய். பெரியப்பா என்ன செய்வார்? விழுந்தது விழுந்ததுதான்.

அண்ணனின் கருமாதி முடிந்த பகல், பூண்டுலோயாவிலிருந்து வந்த சொந்தங்கள் குடும்பப் படம் கேட்டார்கள். அவர் கேமராவையே எடுத்தேன். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சட்டத்துக்குள். வெளியே, கதவோரம், வெறும் நெற்றியோடு அண்ணி.

"நீங்களும் வாங்க அண்ணி."

"நான் எதுக்கு தம்பி? நீங்க எடுங்க."

வேறு யாரும் கூப்பிடவில்லை. வளையத்தைத் திருகினேன். டிக், டிக்.

அண்ணி நிமிர்ந்தார். அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவரல்லவா! "அகலத்துல வச்சிட்டீங்களா? அப்ப நான் விழுவேனே."

"விழுவீங்க அண்ணி."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவராகவே நடந்து வந்து பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார்.

கேமரா பெரிய மகனிடம் இருக்கிறது. எனக்கென்று அண்ணன் விட்டுப்போனது ஒரு பழக்கம்தான். என் கேமராவில் வெளியே நிற்பவர்கள் தெரிவதில்லை. அதனால் பட்டனை அமுக்குமுன் கேமராவை இறக்கி, யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.