நாலு வெறுந்தலை

நான் வேலை பார்த்த கார்ட்டூன் ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் தொப்பிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான, சாதுவான மனிதர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். ஆனால் அவர் மேஜைக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் போலீஸ், நர்ஸ், சமையல்காரர், மாலுமி, கைக்குழந்தையின் நூல் குல்லாய் என்று பதினேழு தொப்பிகள். ஒன்றை எடுத்துத் தலையில் வைத்து மேஜைக் கண்ணாடியைப் பார்ப்பார். அவ்வளவுதான், சாது காணாமல் போய்விடுவார். கண்ணாடியில் தெரிகிறவரை அப்படியே காகிதத்தில் இறக்குவார்.

எனக்குப் பக்கத்து மேஜை. அவருடைய பென்சில் கிறுக்கலைச் சுத்தமான கோடாக இழுப்பது என் வேலை. கோடு இழுக்கும்போது கீழுதட்டின் இடது ஓரத்தைக் கடித்துக்கொண்டே இருப்பேன். சின்ன வயதுப் பழக்கம். ஒருநாள் உதடு துண்டாகக் கையில் வரப்போகிறது என்று கேலி செய்வார்.

எங்கள் படங்களில் கதை என்று பெரிதாக ஒன்றும் இராது. நரியை நாய் துரத்தும். தொப்பிக்கடை வண்டி கவிழ்ந்து, காற்றில் தொப்பிகள் பறக்கும். நரியின் தலையில் போலீஸ் தொப்பி விழுந்தால், நரி நாயையே நிறுத்தி லைசென்ஸ் கேட்கும். நாய் நடுங்கிக்கொண்டு சட்டைப் பையைத் துழாவும். நர்ஸ் தொப்பி விழுந்தால் நாயின் வாயில் தெர்மாமீட்டர். மணப்பெண்ணின் முக்காடு விழுந்தால் நாய் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டும். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். எங்கள் நரிக்கு ஆடைதான் முழுசும்.

ஆனால் அவர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். ஒரு தொப்பி பறந்து அடுத்தது விழுவதற்குள் நாலு தாள் வெறுந்தலை வரைவார். அதில் நரி ஒன்றும் செய்யாது. கண்ணை மூடித் திறந்து, லேசாக அசடு வழியும். திரையில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த நாலு தாளுக்காக மட்டும்தான் அவர் தொப்பியில்லாமல் கண்ணாடி பார்ப்பார். எதற்கு இந்த வீண்வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

“உள்ள இருக்கறது நம்ம நரிதான்னு தெரிஞ்சாதாம்மா சிரிப்பாங்க. இல்லேன்னா யாரோ ஒரு போலீஸ், யாரோ ஒரு நர்ஸ். அதுல சிரிக்க என்ன இருக்கு?”

அந்த வருடத்துப் படம் மூன்று வினாடி நீண்டுவிட்டது. குறைத்தே ஆகவேண்டும் என்றார் முதலாளி. தொப்பிக்காரர் அன்று லீவு. நான்தான் பெரிய புத்திசாலியாயிற்றே! தொப்பி மாறுகிற பதினெட்டு இடத்திலும் வெறுந்தலைத் தாள்களை உருவினேன். எழுபத்திரண்டு தாள்; வினாடிக்கு இருபத்துநாலு தாள் வீதம் கணக்காக மூன்று வினாடி. அவருடைய பென்சில் தாள்களையும் சேர்த்துக் கழிவு மூட்டையில் போட்டேன்.

போட்டுக் காட்டியபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு குறைந்து, நின்றேவிட்டது. திரையில் போலீஸ் போனது, நர்ஸ் வந்தது, மணப்பெண் வந்தது. நரி வரவேயில்லை. கடைசிக் காட்சியில் தொப்பிகளெல்லாம் பறந்துபோய் வெறுந்தலையோடு ஒன்று நின்றது. டீ கொண்டுவந்தவர் இது யாருங்க என்று கேட்டார். தொப்பிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எல்லாத்தையும் எடுத்துட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு தொப்பியைக் கழற்றினாலும் அவர் முகம் மாறவில்லை. மாலுமித் தொப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு, மாலுமியாகவே காலை அகட்டி நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அவர் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்தாள். நான் அவளை அண்ணி என்பேன். மருந்துக்கடையில் வேலை. கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

“காலைல நடந்துட்டு வந்தவரு வாசல்லயே நிக்கறாரும்மா, போலீஸ் மாதிரி. வீட்டுல எத்தனை பேருன்னு என்னையே கேக்கறாரு. ரெண்டு பேருன்னேன். இன்னொருத்தர் எங்கேன்னு கேக்கறாரு.”

கழிவு மூட்டையைக் கொட்டித் தேடினேன். பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. அவர் கைப்பட வரைந்த நாலே நாலு பென்சில் தாள் கிடைத்தன. அண்ணி வீட்டில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்கு முன்னால் அந்தத் தாள்களைப் புரட்டினேன். நாலாவது தாளில் அவர் கண்ணை மூடித் திறந்தார். லேசாக அசடு வழிந்தார்.

“என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க? நீ சாப்டியா?” என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு நாளுக்குத்தான் அது தாங்கியது. மறுநாள் எழும்போது மறுபடி வேறு யாரோ. அதனால் தினமும் காலையில் அண்ணி தாள்களைப் புரட்டினாள். பல் விளக்குவதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. தொப்பிப் பெட்டியை நான் பூட்டி வைத்துக்கொண்டேன். ஆனால் பென்சில் கோடு எத்தனை நாள் நிற்கும்? மூன்றாம் மாதம் நரியின் ஒரு கண் மங்கிவிட்டது. அவரையே திரும்ப வரையச் சொன்னோம். கண்ணாடி முன்னால் பென்சிலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“யாரைப் பாத்து வரையறது?” என்றார்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் அவர் கோட்டின் மேல் கோடு இழுத்தவள் நீதான், உன்னைவிட்டால் யாருமில்லை என்றாள். செய்த பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்ததென்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு நாள் லீவு போட்டு, அவர் வீட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்து நாலு தாளையும் அச்சு அசலாக வரைந்தேன். பழையதையும் புதியதையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தோம். ஒரு முடி பிசகவில்லை.

மறுநாள் காலையில் அண்ணி புதிய தாள்களைப் புரட்டினாள். அதற்கடுத்த நாள் போன் செய்தாள். குரலில் அப்படியொரு தெம்பு. அவளைத் தெரிகிறதாம், பேர் சொல்லிக் கூப்பிட்டாராம், சாயங்காலமும் அப்படியே இருந்தாராம், இன்று தாளைப் புரட்டாமலே அவராகவே எழுந்தாராம். இனிமேல் தாளே வேண்டாம்போலிருக்கிறது என்றாள்.

“ஆனா ஒண்ணும்மா. நேத்துலேர்ந்து பேப்பர் படிக்கும்போது கீழுதட்ட கடிச்சுக்கிட்டே இருக்காரு. இடது ஓரமா. முன்னாடி இந்தப் பழக்கம் கிடையாதே.”

ஒன்றும் இருக்காது அண்ணி என்றேன். சும்மா கேட்பதுபோல, அவர் வரைந்த பழைய தாள்கள் எங்கே என்று கேட்டேன். அதுதான் அழிந்துபோய்விட்டதே என்று நேற்றே அடுப்பில் போட்டுவிட்டாளாம்.