மிதிச்ச சங்கிலி

மயிலாடும்பாறைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் மூன்று சங்கிலிகள் இருந்தார்கள். மாட்டு யாவாரி சங்கிலி, ஒற்றைக்கண் சங்கிலி, அப்புறம் இவர். இவரைச் சாமியாடி சங்கிலி என்றுதான் முதலில் சொன்னார்கள். தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு மிதிச்ச சங்கிலி என்றார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு மரியாதை மிச்சமிருந்தது.

இருபத்திரண்டு வயதில் அவர்மேல் கருப்பசாமி இறங்கினார். அதிலிருந்து இருபத்தாறு வருஷம், மாசித் திருவிழாவில் உறுமி அடித்ததும் முதுகில் ஒரு சூடு ஏறும்; அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. மற்ற நாளில் அவர் வெறும் கடலைக்காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரி, கூட்டத்தில் பின்னால் நிற்கிற ஆள். அந்த ஒரு நாள் மட்டும் ஊர் அவர் காலைக் கழுவும், குனிந்து திருநீறு வாங்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனுஷன் மிச்ச நாளையெல்லாம் தள்ளினார்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஊருக்கு மேற்கே புறம்போக்கில், புளியமரத்தடியில் கருப்பசாமி கோயில் செட் போட்டார்கள். ஒட்டுப்பலகைச் சுவர், பிளாஸ்டர் மாவுச் சிலை. ஊர்க் கருப்பனே பொறாமைப்படுகிற அழகு. வில்லனின் அடியாளாக வந்து அந்தச் சாமியைக் காலால் மிதித்துத் தள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆறடி உயரமும் அருவா மீசையுமாக நின்ற சங்கிலியைப் பார்த்த பிறகு அவர்களுக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை.

"கோடி குடுத்தாலும் மாட்டேன்" என்றார் சங்கிலி.

"அண்ணே, இது சாமி படம்ணே" என்றார் உதவி இயக்குநர். "கடைசியில சாமி உங்களை வெட்டப் போறாரு. நீங்க மிதிக்கலேன்னா அவருக்கு எப்படிக் கோவம் வரும்? அவரோட பெருமையைக் காட்டத்தானே இந்த சீனே."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் பூசாரி நல்லகண்ணுவிடம் போய் நின்றார். பூசாரி அவருக்கு மாமன் முறை.

"கண்ணு திறக்காத சாமி வெறும் மாவுடா மாப்ள" என்றார் பூசாரி. "பெயிண்டுல வரைஞ்சா கண்ணு திறந்ததாகிருமா? சேவலறுக்கணும், கண்ணாடி காட்டணும். நான் போயி நிக்காத எடத்துல சாமி ஏது? போ, மிதி."

அதே படத்தில் பூசாரிக்கும் பூசாரியாகவே ஒரு வேஷம் கிடைத்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பேரும் பெண்களை மறந்துவிட்டார்கள். செட் எழும்பிய மூன்றாம் நாளே அந்தச் சிலைக்கு எலுமிச்சை மாலை விழுந்தது, சூடம் எரிந்தது. அது சினிமாவுக்குப் போட்டது என்று தெரியாமல் இல்லை. கையில் அரிவாளோடு கருப்பன் நிற்கும்போது கும்பிடாமல் கடந்து போக எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். செலவில்லாமல் செட்டுக்குக் களை வந்ததே என்று சினிமாக்காரர்களும் விட்டுவிட்டார்கள். சங்கிலியின் மனைவி மொக்கம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். மகள் நாகஜோதி கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் ஐந்து மாசம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, செட்டுக்கு மேலே தொங்கிய புளியங்கிளையில் மரத்தொட்டில் கட்டினாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று கூச்சம்.

மறுநாள் படப்பிடிப்பு. முதல் தடவை சங்கிலியின் கால் சிலையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. "கும்பிடப் போறீங்களா, மிதிக்கப் போறீங்களா?" என்று இயக்குநர் கத்தினார். இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை அவர் நிஜமாகவே மிதித்தார். எங்கிருந்தோ ஒரு வெறுப்பு வந்தது. இத்தனை வருஷம் என் உடம்பை உன் இஷ்டத்துக்கு ஆட்டினாயே, எனக்கு என்ன செய்தாய் என்று ஒரு நொடி தோன்றியது. சிலை இரண்டாக உடைந்து விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்தவருக்கு மொக்கம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நேத்துத்தான் அங்கன நம்ம புள்ளைக்குத் தொட்டில் கட்டுனேன்" என்றாள். சங்கிலி தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவினார்.

ஆவணியில் நாகஜோதிக்குக் கரு கலைந்தது. தேனி டாக்டரம்மா பிரஷர் என்று சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சங்கிலி ஆறு மாசம் உயிரோடு இருந்தார்.

மாசி வந்தது. உறுமி அடித்தார்கள். சங்கிலி அரிவாளை ஏந்திக் கண்ணை மூடி நின்றார். பூசாரி திருநீற்றை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தார். உறுமிக்காரரின் கை ஓய்ந்து இன்னொருவர் வாங்கி அடித்தார். சூடு ஏறவே இல்லை. வேஷம் போட்டு ஆடிவிடலாமா என்றுகூட நினைத்தார்; அதற்கும் கால் எழவில்லை. திடீரென்று கூட்டத்துக்குள் தங்கப்பாண்டி என்ற வாலிபன் கூச்சலிட்டு ஆட ஆரம்பித்தான். பூசாரி வந்து சங்கிலியின் கையிலிருந்த அரிவாளை மெல்ல வாங்கிக்கொண்டு போனார்.

"வெறும் மாவுன்னு நீங்கதான மாமா சொன்னீக?" மறுநாள் சங்கிலி அழுதேவிட்டார்.

"சொன்னேன். பொம்பளைக கும்பிட்ட எடத்துல சாமி இல்லைன்னு எப்படிடா சொல்ல முடியும்? யாருக்குடா தெரியும் இதெல்லாம் நடக்கும்னு."

சித்திரையில் படம் ஆண்டிபட்டிக்கு வந்தது. சங்கிலி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனார். அவர் சிலையை மிதித்தபோது பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை. கருப்பசாமி எழுந்து வந்து அவர் கழுத்தை வெட்டியபோது திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். நாலைந்து பெண்களுக்கு அருள் வந்து தலைவிரித்து ஆடினார்கள். உறுமி அடித்துக் கூப்பிட்டும் தன்மேல் வராத சாமி இங்கே, தன்னைக் கொல்கிற இடத்தில், டிக்கெட் வாங்கியவர்கள்மேல் எல்லாம் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

நேரே பூசாரியிடம் வந்தார். "படம் பாவமா மாமா?"

"அதெப்படி? அது சாமி படமுல்ல. நானே குடும்பத்தோட பாத்தேன்."

"அதை எடுத்தவுக?"

"புண்ணியவான்க."

"அப்ப நான் மட்டும் என்ன செஞ்சேன்?"

பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீ மிதிச்சயேப்பா" என்றார்.

நாகஜோதிக்கு அதற்குப் பிறகு பிள்ளை தங்கவே இல்லை. மாப்பிள்ளை வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவள் துணிப்பையோடு தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் மனசாவது பிழைத்திருக்கும்.

கேபிள் டிவி வந்ததும் அமாவாசைக்கு அமாவாசை காலையில் உள்ளூர்ச் சேனலில் அந்தப் படத்தைப் போட ஆரம்பித்தார்கள். இரண்டாயிரத்து ஏழில் ஆடி அமாவாசை. தாயும் மகளும் தலைக்குக் குளித்து, டிவிக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். கருப்பசாமி அரிவாளோடு எழுந்ததும் இரண்டு பேரும் எழுந்து கைகூப்பினார்கள்.

"எந்திரிங்கப்பா, சாமி வருது" என்றாள் நாகஜோதி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

சங்கிலி சுவரைப் பிடித்து எழுந்து கும்பிட்டார். திரையில் அவர் தலை உருண்டது. மகள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.