மொட்டை மாடியில் ஒரு சிவப்புத் திட்டு

தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடைக்காரர் என்றால்தான் தெரியும். மழைக்குப் பிடிக்கும் குடையோடு அவருக்குச் சம்பந்தமில்லை. மாடி மாடியாக ஏறி டிவிக்கு டிஷ் குடை மாட்டியவர். கதாநாயகி அழுகிற நேரம் பார்த்துப் படம் புள்ளி புள்ளியாகிவிட்டால், பிரசவம் பார்க்கப் போகிற அவசரத்தில் ஸ்பேனரோடு ஓடுவார்.

அந்தத் தொழிலுக்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் குடையை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். கீழே ஒருவர் டிவி முன்னால் நின்று கத்துவார். "வந்துச்சா?" "வரல!" "இப்போ?" "வந்துச்சு... ஐயோ, போச்சு!" கீழே நின்று கத்தியவர் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் இருவரும் மனம் விட்டுப் பேசிக்கொண்டதே இவ்வளவுதான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

முழங்கால் மக்கர் செய்ததும் தொழிலை விட்டார். தொழில் அவரை விடவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் எதையாவது திருகுவார். குழாய், ஃபேன் ரெகுலேட்டர், எதிரே நின்று பேசுகிறவரின் சட்டைப் பித்தான், எதுவும் தப்பாது.

அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில்தான் மகள் சாட்டிலைட் இன்டர்நெட் வாங்கி மாட்டினாள். அவர்களுடையது தெருக்கோடி வீடு. கம்பி இழுக்க வந்தவர்கள் நாலு வீட்டுக்கு முன்னாலேயே நின்று, கையை உதறிவிட்டுப் போய்விட்டார்கள். மகளுக்கோ இன்டர்நெட் இல்லாமல் பிழைப்பில்லை. வெளிமாநில ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளி பேசுவது டாக்டருக்குப் புரியாதபோது, வீடியோவில் நடுவே உட்கார்ந்து மொழிபெயர்க்கும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள், எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஒரு பெரியவர் வாயைத் திறந்த நேரத்தில் லைன் அறுந்தது. அடுத்த வாரம் மறுபடியும் அறுந்தது. "இன்னொரு தடவை அறுந்தா வேற ஆளைப் பார்த்துக்குவோம்மா" என்று மேலதிகாரி மிகுந்த பாசத்தோடு சொல்லிவிட்டார்.

குடைக்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே மாடியில் மாட்டிய அந்தப் பொருள்மேல் சந்தேகம். தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டு மாதிரித் தட்டையாக இருந்தது.

"எந்த சாட்டிலைட்டைப் பார்க்குது இது?"

"ஒண்ணை மட்டும் பார்த்து நிக்காதுப்பா. உங்க பழைய சாட்டிலைட் ரொம்ப தூரத்துல, ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல தெரியும். இது பக்கத்துல, ஐநூறு கிலோமீட்டர் சொச்சத்துல, கூட்டமா ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணு கொஞ்ச நிமிஷத்துல நம்ம தலையைத் தாண்டிடும். அதுக்குள்ள தட்டு அடுத்ததைப் பிடிச்சுக்கும்."

"யாரு திருப்புறது?"

"யாரும் திருப்ப வேண்டாம். தட்டு அசையாமலே பார்வையை மாத்திக்கும். நாம பேசுறது மேல போய், அங்கிருந்து தரையில இருக்கிற பெரிய ஸ்டேஷனுக்கு இறங்கி, இன்டர்நெட்ல சேர்ந்துடும். பக்கத்துல இருக்கிறதாலதான் பேச்சு இழுக்காம வருது. அதுக்கு வேண்டியதெல்லாம் மறைப்பில்லாத வானம்."

யாரும் திருப்ப வேண்டாம்! வாழ்நாளில் அவரை யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

இரண்டாவது தடவை அறுந்த அன்று மகள் போனில் ஆப்பைத் திறந்தாள். தட்டு பார்க்கும் வானத்தைக் கவிழ்த்த கிண்ணமாக வரைந்து காட்டும் படம் அதில் உண்டு. நீலம் என்றால் திறந்த வானம். சிவப்பு என்றால் ஏதோ மறைக்கிறது. ஓரமாக ஒரு சிவப்புத் திட்டு.

"பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க்!" குடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அந்த ஆள் வேணும்னே உயரமா வெச்சான். இப்பவே போய்க் கேக்கறேன்."

"டேங்க் இந்தப் பக்கம்ப்பா. சிவப்பு அந்தப் பக்கம்."

மகள் மாடிக்கு ஏறிப் பார்த்தாள். தட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் அவருடைய கண்ணாடிக் கூடும், ஆறிப்போன டீயும். இறங்கி வந்து அம்மாவைக் கேட்டாள்.

"நான் வேலையில இருக்கும்போது அப்பா எங்க இருப்பாரு?"

"வேற எங்க? மேலதான். குனிஞ்சு குனிஞ்சு அந்தத் தட்டையே பார்த்துக்கிட்டு நிப்பாரு. கேட்டா உனக்குக் காவலாம்."

மகள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது டேங்க் இல்லப்பா. உங்க தலை."

அவர் அந்தத் திட்டை வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மேலதிகாரியும் லைனில் இருந்து கேட்கப்போகிறார் என்று தகவல் வந்தது. விடிந்ததும் மனைவி மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். குடைக்காரர் கூடத்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். வெளியே காற்று அடித்தது. பையிலிருந்த ஸ்பேனர் தொடையைக் குத்தியது. நாற்காலிக் கைப்பிடியின் திருகாணியை அவர் விரல்கள் தாமாகக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றின. மூடிய கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "மாத்திரை போட்டதும் தலை சுத்துதான்னு டாக்டர் கேக்கறாரும்மா."

அதன்பின் சத்தமே இல்லை.

அவர் எழுந்துவிட்டார். "அறுந்துடுச்சு! சாவியைக் கொடு!"

"உக்காருங்க."

"காத்துல சாஞ்சிருக்கும், லேசா நிமித்திட்டு..."

"உக்காருங்கன்னேன். அந்தம்மா யோசிக்கிறாங்களா இருக்கும். எல்லாரும் உங்களை மாதிரி பட்டுனு சொல்லிடுவாங்களா?"

அவர் உட்கார்ந்தார். முள்மேல் உட்கார்கிறவர்கூட இவ்வளவு யோசித்து உட்கார மாட்டார். கால் ஆடியது, அதைக் கையால் அமுக்கினார், கை ஆடியது.

"அழாதீங்கம்மா," என்றது மகளின் குரல். "நிதானமா சொல்லுங்க. லைன்லதான் இருக்கேன்."

குடைக்காரர் மூச்சு விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "வேலை நிரந்தரம்! ஒரு தடவைகூட அறுபடலன்னு மேலதிகாரியே சொல்லிட்டாருப்பா!"

அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "நான் ஒண்ணுமே செய்யலயே."

"கல்யாணமானதுலேருந்து நான் கேட்டதும் அதைத்தான்," என்றாள் மனைவி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாவியைக் கொடு. காஞ்ச துணியை எடுத்துட்டு வந்துடறேன்."

அன்று யாரும் துணியே துவைத்திருக்கவில்லை. மனைவி சாவியை நீட்டினாள், மறுகையையும் நீட்டினாள்.

"ஸ்பேனரை இங்க வெச்சுட்டுப் போங்க."